பெயர் சொல்லா மருந்தின் முழுப்பெயர்

வடமொழியில் அதன் பெயர் 'வசா'. 'பேசு' என்னும் பொருளுடைய 'வச்' என்ற வேரோடு அப்பெயரை இணைத்துக் காண்பது மரபு. தெலுங்கில் அது 'வச'. ஓயாது பேசுபவரை 'வசபிட்ட' என்று கேலி செய்வார்கள். கேரளத்தில் 'வயம்பு', பிறந்த குழந்தைக்குச் சொல் தெளிந்து வரவேண்டும் என்று பொன்னோடும் தேனோடும் இழைத்து நாவில் தொட்டுவைப்பார்கள். மராத்தியில் 'வேகண்ட்', கன்னடத்தில் 'பஜெ', இந்தியில் 'பச்', தமிழில் 'வசம்பு'. பேச்சைத் தருவதாக நாட்டின் பல பகுதிகளில் நம்பப்படும் இச்செடிக்குத் தமிழ் வழக்கில் வேறொரு பெயரும் உண்டு: பெயர் சொல்லா மருந்து. பெயரை உச்சரித்தால் பலன் போய்விடும் என்பது நம்பிக்கை. 'பிள்ளை வளர்ப்பான்' என்பது இன்னொரு பெயர்.

பேச்சின் பெயரைத் தாங்கிய செடியும் பெயரையே உச்சரிக்கக் கூடாத செடியும் ஒன்றாக இருப்பது சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உடையோருக்குச் சுவையான செய்தி. ஆயினும் இச்செடியின் வேதியியலைச் சிறிது ஆழ்ந்து நோக்கினால், பெயர் பற்றிய கேள்வி சுவையோடு நின்றுவிடுவதில்லை என்பது புலனாகும். வசம்பு நன்மை செய்யுமா, தீங்கு செய்யுமா என்ற கேள்விக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒரே பெயரைக் கொண்டு வெவ்வேறு பொருள்களைச் சுட்டியது அம்முரணுக்கு ஒரு முதன்மைக் காரணம். அதன் விலையைக் கொடுக்க நேரக்கூடியவர்கள், பெயர் சொல்லவே தெரியாத கைக்குழந்தைகள்.

1753-இல் லின்னேயஸ் இச்செடிக்கு 'அகோரஸ் கலாமஸ்' என்று பெயரிட்டார். 'கலாமஸ்' என்பது நாணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் இலத்தீன் வடிவம். வாள்போன்ற இலைகளோடு சதுப்பு நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் வளரும் இச்செடி உண்மையில் நாணல் அன்று. நெடுங்காலம் இதனைச் சேம்பின் குடும்பத்தில் வைத்திருந்தனர், அதுவும் பொருந்தவில்லை. இன்று அகோரேசியே என்னும் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒருவித்திலைத் தாவரங்களின் கால்வழியில் மற்ற அனைத்திலிருந்தும் முதலில் பிரிந்த கிளை இதுவே என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சேற்றுக்குள் கிடையாகப் படரும் வேர்த்தண்டுதான் மருந்தாகிறது. அதன் கணுக்களைக் கண்டு 'ஷட்கிரந்தா' என்றும், கடுமணத்தைக் கொண்டு 'உக்கிரகந்தா' என்றும் வடமொழி நிகண்டுகள் பெயர் சூட்டின.

அக்கடுமணத்தின் இருப்பிடம் ஆவியாகும் எண்ணெய். உலர்ந்த வேர்த்தண்டை இடித்து, கிளெவெஞ்சர் கருவியில் நீருடன் கொதிக்கவைத்து வடித்தால், நூறு கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் அளவில் அந்த எண்ணெய் கிடைக்கும். அது தனிப்பொருள் அன்று. பல சேர்மங்களின் கலவை. பீட்டா அசரோன், ஆல்ஃபா அசரோன் ஆகிய ஃபினைல்புரோப்பனாய்டுகளும், அகோரோன், ஷ்யோபுனோன் முதலிய செஸ்கிட்டெர்ப்பீன் வகைச் சேர்மங்களும், சிறிதளவு கற்பூரம் போன்றவையும் அதில் உண்டு. இவற்றின் விகிதம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. இக்கட்டுரையின் சிக்கல் அவ்விகிதத்தில்தான் தொடங்குகிறது.

பீட்டா அசரோனும் ஆல்ஃபா அசரோனும் ஒரே அணுக்களால் ஆனவை. கார்பன் 12, ஹைட்ரஜன் 16, ஆக்ஸிஜன் 3. மூலக்கூறு எடை ஏறத்தாழ 208. பென்சீன் வளையத்தோடு ஒட்டிய பக்கச்சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. அதன் இரு முனைகளிலும் உள்ள தொகுதிகள் ஒரே பக்கமாக அமைந்தால் பீட்டா. எதிரெதிராக அமைந்தால் ஆல்ஃபா. வேறுபாடு அவ்வளவே. ஜிசி-எம்எஸ் கருவியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருண்மை நிறமாலையைத் தருகின்றன. கணினியின் நூலகம் 'அசரோன்' என்று சொல்லிவிடும். எந்த அசரோன் என்பதை, அது கருவியின் நீண்ட குழாயைக் கடந்துவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டும், தூய மாதிரியோடு ஒப்பிட்டுமே உறுதிசெய்ய வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டல் உடைய இரு சொற்களைச் சொற்றொடரில் அவை நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்தறிவதற்கு ஒப்பானது இது. இடத்தைப் பாராமல் அகராதியை மட்டும் பார்ப்பவர் தவறாகப் படிப்பார்.

எண்ணெயின் விகிதம் ஏன் மாறுகிறது? மண்ணும் பருவமும் அறுவடைக் காலமும் ஓரளவு காரணமாகின்றன. அவற்றினும் வலிமையான காரணம் செடியின் உயிரணுவில் இருக்கிறது. வசம்பின் அடிப்படைக் குரோமோசோம் தொகுதி 12. அத்தொகுதி இருமடங்காக, 24 குரோமோசோம்களோடு அமைந்த செடி வட அமெரிக்காவிலும் ஆசியாவின் வட பகுதிகளிலும் வளர்கிறது. மும்மடங்காக, 36 குரோமோசோம்களோடு அமைந்தது ஐரோப்பாவிலும் காஷ்மீரிலும் காணப்படுகிறது. அது விதையால் பெருகுவதில்லை, வேர்த்தண்டாலேயே பரவும். நான்மடங்காக, 48 குரோமோசோம்களோடு அமைந்தது இந்தியாவின் பெரும்பகுதியிலும் கிழக்காசியாவிலும் வளர்கிறது. இருமடியச் செடியின் எண்ணெயில் பீட்டா அசரோன் இல்லை. மும்மடியத்தில் அது பொதுவாகச் சிறு விகிதமே. நான்மடியத்தில் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். நூற்றுக்கு எழுபதையும் எண்பதையும் தாண்டிய அளவுகள் பதிவாகியுள்ளன. பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. உலர்த்தி நறுக்கிய பின் கடைக்காரரால் பிரித்தறிய இயலாது.

இந்த வரலாற்றில் ஜம்மு நகருக்குத் தனியிடம் உண்டு. இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் ராம்நாத் சோப்ரா 1941-இல் அங்கே மருந்து ஆய்வகம் ஒன்றை நிறுவினார். 1957-இல் அது அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் வந்து வட்டார ஆய்வுக்கூடமாயிற்று. 1960-களில் அங்கே பணியாற்றியவர்களுள் ஒருவர் தாவர உயிரணுவியல் அறிஞர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆய்வில் ஈடுபட்டு, 1945-இல் டார்லிங்டனோடு இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை வெளியிட்டவர். அவரும் சோப்தியும் 1964-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அகோரஸ் இனத்தின் குரோமோசோம் மடங்குகளைப் பற்றி எழுதினர். வசம்பு என்று நாம் அழைப்பது ஒரே செடி அன்று என்பதை உணர்த்தத்தக்க செய்தி அன்றே ஜம்முவிலிருந்து அச்சேறிவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1967-இல், அதே ஊரின் பெயர் அமெரிக்காவின் நச்சியல் ஆய்வுகளில் இடம்பெற்றது. 'ஜம்மு வகை' என்று குறிக்கப்பட்ட வசம்பு எண்ணெயை, உணவின் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு முதல் 5000 பங்கு வரை கலந்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஈராண்டுக் காலம் ஊட்டினர். எலிகளின் வளர்ச்சி குன்றியது. முன்சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. பின்னர் பீட்டா அசரோனைத் தனியே ஊட்டிய சோதனைகளிலும் குடலில் கட்டிகள் தோன்றின. கல்லீரல் நொதிகள் இச்சேர்மத்தின் பக்கச்சங்கிலியை எப்பாக்சைடாக மாற்றுகின்றன என்றும், அது மரபணுப் பொருளோடு பிணையவல்லது என்றும் பிற்கால ஆய்வுகள் விளக்கின.

1968 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வசம்பையும் அதன் எண்ணெயையும் சாற்றையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆணையில் தடைக்குரிய பொருள் அகோரஸ் கலாமஸ் செடியின் உலர்ந்த வேர்த்தண்டு என்றே வரையறுக்கப்பட்டது. குரோமோசோம் எண்ணிக்கை பற்றியோ பீட்டா அசரோன் விகிதம் பற்றியோ அதில் பாகுபாடு இல்லை. சோதனைக்கு உட்பட்ட ஜம்மு எண்ணெயில் பீட்டா அசரோன் ஏறத்தாழ 75 சதவீதம். பீர்பஞ்சால் மலைத்தொடருக்கு அப்பால் காஷ்மீரிலிருந்து வந்த எண்ணெயில் அது ஏறத்தாழ 5 சதவீதம். ஒரே மாநிலமாக அன்று இருந்த நிலப்பரப்பின் இரு பக்கங்களுக்கு இடையே பதினைந்து மடங்கு வேறுபாடு. அமெரிக்கப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மென்றுவந்த செடியோ இருமடியம். அதில் இச்சேர்மமே இல்லை. ஆனால் அச்செடிக்கும் அன்று வழங்கிய தாவரவியல் பெயர் அகோரஸ் கலாமஸ்தான். இப்போது தாவரவியலாளர் பலர் அதனை 'அகோரஸ் அமெரிக்கானஸ்' எனத் தனி இனமாக வைக்கின்றனர்.

இதைக் கொண்டு தடை தவறு என்று முடிவுகட்டுவது அவசரம். மும்மடியத்தின் எண்ணெயும் தீங்கற்றது எனச் சான்று பெற்றதில்லை. இங்கே கவனிக்கத்தக்கது வேறு: ஒரு மாதிரியில் கண்டறிந்த உண்மை, பெயர் என்னும் வண்டியில் ஏறி, அம்மாதிரியோடு தொடர்பற்ற செடிகளையும் சென்று சேர்ந்தது. எதிர்த்திசையிலும் இதே வண்டி ஓடுகிறது. ஐரோப்பிய வசம்பு பல நூற்றாண்டுகளாகச் செரிமானத்துக்குப் பயன்பட்டது என்ற செய்தியை எடுத்து, இந்திய நான்மடிய வசம்பின் பாதுகாப்புக்குச் சான்றாக எழுதினால், அதுவும் இதே பிழைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் பிற்காலத்தில் வேறு வழியை மேற்கொண்டது. 2008-ஆம் ஆண்டின் 1334 எண்ணுள்ள ஒழுங்குமுறை, அகோரஸ் கலாமஸின் நான்மடிய வடிவத்தைச் சுவையூட்டிகளுக்கு மூலப்பொருளாகக் கொள்வதைத் தடை செய்கிறது. பீட்டா அசரோனைத் தனிப்பொருளாக உணவில் சேர்க்கவும் தடை உண்டு. மதுவகைகளில் இயல்பாக இருக்கக்கூடிய பீட்டா அசரோனுக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என வரம்பு விதித்துள்ளது. ஒரு சட்டம் பெயரோடு நின்றது. மற்றொன்று பெயருக்குள் குரோமோசோம் எண்ணிக்கையைச் சேர்த்தது.

இதே சேர்மத்துக்கு மறுமுகமும் உண்டு. 1977-இல் ஜம்மு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சக்சேனா, கௌல், டிக்கு, அடல் ஆகியோர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வசம்பிலிருந்து பிரித்தெடுத்த அசரோன், பூச்சிகளின் இனப்பெருக்கத் திறனை அழிக்கிறது என்பது அதன் செய்தி. நாட்டு மக்கள் அறிந்திருந்த ஒன்றுக்கு அது விளக்கமாக அமைந்தது. வசம்பைக் கம்பளித் துணிகளுக்கிடையில் இட்டுவைப்பதும், தானியத்தில் கலப்பதும் பழைய வழக்கங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்கும் பூச்சிவிரட்டி மூலிகைப் பொடியில் வசம்பும் சேரும். பேச்சைத் தருவதாக நம்பப்பட்ட வேர், எழுத்தைக் காத்ததில் ஐயமில்லை.

ஆய்வுக் கட்டுரைகள் 'உயிரியல் செயல்பாடு' என்று குறிப்பது இத்தகைய விளைவுகளைத்தான். பாக்டீரியா வளராது தடுத்தால் அது செயல்பாடு. பூச்சி மலடானால் அதுவும் செயல்பாடு. எலி நெடுநேரம் உறங்கினாலும், எலியின் குடலில் கட்டி தோன்றினாலும் செயல்பாடே. நன்மை, தீமை என்னும் பகுப்பு அச்சொல்லில் இல்லை. ஆய்வகத்தை விட்டு வெளியேறும்போதுதான் அது 'பலன்' என்று பெயர் மாறுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் மூலிகை எண்ணெய் பற்றிய கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது: எண்ணெயை வடித்தல், சேர்மங்களை அட்டவணையிடுதல், நான்கைந்து பாக்டீரியாக்களின் மேல் சோதித்தல், இறுதியில் 'மரபுப் பயன்பாட்டை இவ்வாய்வு உறுதிசெய்கிறது' என்று எழுதுதல். தட்டில் எண்ணெய்ச் சொட்டைச் சுற்றித் தோன்றிய வெற்று வளையம், தேனில் இழைத்த வேர் குழந்தையின் வயிற்றில் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. மரபு பயன்படுத்தியது வேரை. சோதிக்கப்பட்டது செறிந்த எண்ணெயை. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த இறுதி வாக்கியம் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது.

மரபும் இவ்வளவு எளிமையாகப் பேசியதில்லை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் வசாவைச் சொன்னதோடு நிற்காமல், பாரசீக வசா, மகாபரீ வசா, த்வீபாந்தர வசா என்று பிரித்துக்காட்டுகிறது. மகாபரீ வசாவைச் சிற்றரத்தை, பேரரத்தை இனத்தோடும், த்வீபாந்தர வசாவைப் பறங்கிப்பட்டையோடும் அடையாளப்படுத்துவர். ஒரு பெயருக்குள் பல செடிகள் நுழைந்திருப்பதை அந்நூல் உணர்ந்திருந்தது. அடைமொழி இட்டு அவற்றைப் பிரித்தது. மருந்தில் சேர்க்கும் முன் வசம்பைச் சுத்தி செய்ய வேண்டும் என்ற விதியும் ஆயுர்வேதத்தில் உண்டு. கோமூத்திரத்திலும் மூலிகைக் கஷாயங்களிலும் அடுத்தடுத்து வேகவைக்கும் நீண்ட முறை அது. சுத்தி செய்த வேரில் அசரோன் அளவு குறைவதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தமிழ் வீடுகளில் வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி இழைப்பதிலும், ஆவியாகும் எண்ணெயின் ஒரு பகுதி வெளியேறுவது இயல்பு. அந்த நுட்பங்களைக் கைவிட்டு, பச்சை வேர்ப்பொடியைப் புட்டியில் அடைத்து விற்றுவிட்டு, 'பல்லாண்டு மரபு' என்று ஒட்டுத்தாளில் அச்சிடுவது மரபுக்கும் நேர்மையன்று.

இதில் குழந்தைக்கு எவ்வளவு தொடர்பு என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகை மருந்துக் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் அசரோனைத் தற்காலிகமாக ஏற்கத்தக்க வரம்பாக 2005-இல் கொண்டது. நான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 8 மைக்ரோகிராம். சுடாத, சுத்தி செய்யாத வேரை இழைத்ததில் 10 மில்லிகிராம் நாவில் சென்றதாகக் கொள்வோம். வேரில் எண்ணெய் 3 சதவீதம் என்றால் 300 மைக்ரோகிராம் எண்ணெய். அதில் 75 சதவீதம் பீட்டா அசரோன் என்றால் 225 மைக்ரோகிராம். வரம்பைப் போல இருபத்தெட்டு மடங்கு. அதே அளவு வேர் மும்மடியமாக இருந்து, அசரோன் 5 சதவீதமானால் 15 மைக்ரோகிராம். வரம்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இருமடியமானால் சுழியம். அதே தாய், அதே கை, அதே இழைப்புக் கல், அதே பெயர். விடைகள் மூன்று.

இக்கணக்கு எடுத்துக்காட்டு மட்டுமே. நாள்தோறும் ஈராண்டு எண்ணெய் தின்ற எலியும், என்றோ ஒருநாள் நாவில் வசம்பு தொட்டுவைக்கப்பட்ட குழந்தையும் ஒன்றல்ல. ஆயினும் மரபணுப் பொருளைத் தாக்கவல்ல சேர்மம் எனத் தெரிந்தபின், அதனைப் பச்சிளங்குழந்தைக்குப் பழக்கத்தின் பேரில் அன்றாடம் கொடுப்பதற்கு நியாயம் இல்லை. கையில் கட்டிய வசம்பு வளையத்தைக் குழந்தை வாயில் வைத்துச் சப்புவதும் இதில் அடங்கும். வழக்கத்தை நிறுத்தும்படி பாட்டியிடம் பேச வேண்டிய பேத்தி, 'வசம்பு நஞ்சு' என்று தொடங்கினால் தோற்பாள். பாட்டி தன் கையால் வளர்த்த பிள்ளைகளையே எதிர்ச்சான்றாகக் காட்டுவார். எந்த வசம்பு, எப்படிச் சுட்டது, எவ்வளவு இழைத்தது என்று கேட்டுத் தொடங்கினால் இருவருக்கும் பேச இடம் இருக்கும். அக்கேள்விகளுக்கு விடை சொல்லும் ஒட்டுத்தாள் இல்லாத சரக்கைக் குழந்தைக்குத் தர வேண்டாம் என்ற முடிவுக்குச் சேர்ந்தே வரவும் முடியும்.

அந்த ஒட்டுத்தாள் ஆய்வகத்திலிருந்து தொடங்க வேண்டும். வசம்பு எண்ணெயைப் பற்றி எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் செடி எங்கே எடுக்கப்பட்டது, அதன் குரோமோசோம் மடங்கு என்ன, உலர்சேகரிப்பில் எந்த எண்ணில் வைக்கப்பட்டுள்ளது, இரு அசரோன்களும் எவ்வாறு பிரித்தறியப்பட்டன, விகிதம் என்ன, சோதிக்கப்பட்டது எண்ணெயா வேரா சுட்ட வேரா என்பவற்றைக் கட்டுரையின் முதற்பக்கத்திலேயே தரலாம். இவற்றைத் தராத கட்டுரையைத் திருப்பி அனுப்பும் துணிவு மதிப்பீட்டாளருக்கும் வேண்டும். பெயரைச் சொன்னால் மருந்தின் பலன் போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சினர். பாதிப் பெயரை மட்டும் சொல்வதால் வரும் இடருக்குத்தான் இன்று நாம் அஞ்ச வேண்டும்.